எல்லைக்கு அகலம் கிடையாது

எங்கள் சங்கத்து மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு இரண்டு இளம் சர்வேயர்கள் திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வீட்டில் நான் ஒருவன்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மூன்று பேருக்கு டீ போட்டுப் பழக்கம் விட்டுப்போனதால் பால் பற்றவில்லை. பையன்கள் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு எனக்கும் ஒன்று பார்சல் வாங்கி வந்தார்கள்.

"இப்பல்லாம் ரோவர் வந்துருச்சு சார். கம்ப நட்டு வச்சா சேட்டிலைட்டே எடத்தச் சொல்லிரும். நீங்கள்லாம் எப்படி சார் சங்கிலிய இழுத்துக்கிட்டு வெயில்ல அலைஞ்சீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

கேள்வியில் மரியாதையும் இருந்தது, ஐயோ பாவமும் இருந்தது. தம்பிகளா, சங்கிலி கனமில்லை. வெயிலும் பழகிவிடும். இந்த வேலையில் பழகாதது ஒன்று உண்டு. அளக்கப் போன இடத்தில் யாரும் உனக்கு ஆள் கிடையாது. ஒருவனுக்கு அரை அடி கூடினால் அடுத்தவனுக்கு அரை அடி குறையும். கூடினவன் அது தன் சொத்துதானே என்று நினைப்பான். குறைந்தவன் நீ காசு வாங்கிவிட்டாய் என்பான். நல்ல பெயர் எடுக்கவே முடியாத உத்தியோகம் இது. எந்த ரோவர் வந்தாலும் இது மாறப்போவதில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முள்காட்டில் சங்கிலி பிடித்தோம், கணக்குப் போட்டோம், திட்டு வாங்கினோம். நான் தொழில் கற்றதெல்லாம் சந்தானம் சாரிடம். அவர் எங்களுக்கு இன்ஸ்பெக்டர். ஒல்லியான மனிதர், எப்போதும் கறுப்புக் குடை. மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான், வயலில் கல்லைச் சுட்டிக்காட்டவும் அதுதான். அளக்கும் இடத்தில் வாயைத் திறக்க மாட்டார். கட்சிக்காரர்கள் இருபுறமும் நின்று தங்கள் நியாயத்தைக் கொட்டுவார்கள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "கல்லு எங்க?" என்று மட்டும் கேட்பார். சொல்ல வேண்டியதையெல்லாம் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில்தான் என்னிடம் சொல்வார்.

முதல் நாளே அவர் எனக்கு ஒரு விதி போட்டார். "அளக்கப் போன ஊர்ல பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிக்காத. மேக்க உள்ளவன் குடுத்தா கெழக்க உள்ளவன் பாப்பான். கெழக்க உள்ளவன் குடுத்தா மேக்க உள்ளவன் பாப்பான். தண்ணி உன்னோடது, சோறு உன்னோடது, நெழலும் பொறம்போக்கு மரமாப் பாத்து உக்காரு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் ரிட்டயர் ஆகும்வரை நான் அப்படித்தான் இருந்தேன். தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதாவது ஓர் அரசாங்க மரத்தடியில் தனியாகத் தின்பேன். கல்யாணப் பத்திரிகை வரும், போகமாட்டேன். இன்றைக்கு விருந்து சாப்பிட்டவன் நாளைக்கு மனு கொடுப்பான். இத்தனை வருடத்தில் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாத கண்மாய் இல்லை. பிரியமாகப் போய் உட்காரும்படியான ஒரு வீடும் இல்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை.

இனி நான் சொல்ல வந்த வழக்கு. அதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது.

மேற்கே மதுரை நாயக்கர், கிழக்கே தஞ்சாவூர் ராஜா, தெற்கே சேதுபதி. இவர்களுக்கு நடுவே தொண்டைமானின் சின்னச் சீமை. பிற்பாடு நவாபு வந்தார், கும்பினி வந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி; புதுக்கோட்டைச் சீமைக்கு நாலு பக்கமும் இடி. கீழாநிலைக் கோட்டை கொஞ்ச காலம் இவர் கையில் இருக்கும், கொஞ்ச காலம் அவர் கையில் இருக்கும். பெரிய ராஜாவுக்குப் பத்து ஊர் போனாலும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சின்ன ராஜாவுக்கு ஒரு கண்மாய் போனாலும் வயிற்றில் அடி. அதனால் எல்லையோரத்துக் காட்டை வெட்டவே விடமாட்டார்கள். குதிரைப்படை வந்தால் திணறட்டும் என்று முள்ளும் புதருமாக வளர்த்து வைத்தார்கள். ராஜாக்கள் போனார்கள். சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்தது. அப்புறம் தஞ்சாவூர் ஜில்லாவின் தெற்கோரத்தை வெட்டிச் சமஸ்தானத்துப் பகுதியோடு ஒட்டி ஒரே மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கு மணமேல்குடி பஸ்ஸில் போகிறவன் அந்தப் பழைய எல்லையைத் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவான். எங்கள் அலுவலக வரைபடங்களில் மட்டும் அது அப்படியே கிடந்தது.

அந்த எல்லையில் இரண்டு ஊர்கள். நிஜப் பெயர் வேண்டாம். மேலப்பட்டி, கீழப்பட்டி என்றே வைத்துக்கொள்வோம். மேலப்பட்டி பழைய சமஸ்தானம், கீழப்பட்டி பழைய தஞ்சாவூர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கண்மாய்.

குறைதீர்க்கும் நாளில் வெள்ளைச்சாமி என்பவர் கொடுத்த மனு என் மேசைக்கு வந்தது. மழையில் வீடு விழுந்துவிட்டது, அரசாங்க வீடு கேட்டால் பட்டா கேட்கிறார்கள், பட்டா கேட்டால் மேலப்பட்டி வி.ஏ.ஓ. இது கீழப்பட்டி என்கிறார், கீழப்பட்டி வி.ஏ.ஓ. இது மேலப்பட்டி என்கிறார் என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வரைபடங்களை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். இரண்டு படங்களும் ஒட்டவில்லை. மேற்கிலிருந்து அளந்து வந்த சமஸ்தானத்து ஆட்கள் காட்டோரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கிழக்கிலிருந்து வந்த வெள்ளைக்காரன் ஆட்கள் காட்டின் மறு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். நடுவிலிருந்த காடு எதிராளியுடையது என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள். காடு அழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அது நின்ற மண் நீளமாக, ஒடுக்கமாக, எந்த ஊரிலும் இல்லாமல் கிடந்தது. வெள்ளைச்சாமி அதில்தான் குடியிருந்தார்.

நான் போனபோது விழுந்த சுவருக்குத் தார்ப்பாய் கட்டி அதற்குள் இருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள், நெடுநெடுவென்று உயரம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் இங்கே தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வம்சத்துக்குப் பேரே நடுக்காரங்க சார். ராசா காலத்துல இந்தக் கம்மாத் தண்ணிக்கு ரெண்டு சீமையும் வெட்டிக்கிட்டாங்களாம். ஆளும் பேருமா விழுந்தப்பறம், எங்கிட்டிருந்தோ எங்க ஆளுகளக் கொண்டாந்து நடுவுல குடி வச்சாங்க. ரெண்டு மடையவும் நாங்கதான் தெறக்கணும், அடைக்கணும். இங்கிட்டும் சேரக் கூடாது, அங்கிட்டும் சேரக் கூடாது. பொண்ணு குடுக்கல் வாங்கல் கெடையாது. விசேசத்துல பந்தியில ஒக்காரக் கூடாது. எங்க பங்க எல்லைக் கல்லு மேல வச்சுட்டுப் போவாங்க."

என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். "தீட்டுன்னு நெனச்சுறாதீங்க சார். மரியாதை" என்றார்.

மரியாதைதான். ஆனாலும் தனியாகத்தானே தின்ன வேண்டும்?

முன்பெல்லாம் கடற்கரைப் பக்கத்திலிருந்து நடுக்கார வீட்டுக்குப் பெண் எடுப்பார்களாம். இவர் காலத்தில் அதுவும் நின்றுபோனது. அப்புறம் ஆழ்குழாய்க் கிணறு வந்தது, தைலமரம் வந்தது, கண்மாயில் தண்ணீர் நிற்பது அதிசயமாகிவிட்டது. மடை திறக்கும் வேலை போய்விட்டது. சேரக் கூடாது என்ற விலக்கு மட்டும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் அவருடைய முன்னோர்களைப் புதைத்த மேடுகள் வரிசையாக இருந்தன. கடைசி இரண்டு மேடுகள் அவருடைய அப்பாவும் சித்தப்பாவும்.

"அப்பாரு செத்தப்ப நானும் எங்க சித்தப்பாவுந்தான் தூக்குனோம். ரெண்டு ஊரும் அந்தந்த ஓரத்துல நின்னு கும்புட்டாக. சித்தப்பாவ நான் ஒத்தையாத்தான் இழுத்து வச்சேன். எனக்கு யாரு சார் இருக்கா? எனக்கு வீடு பெருசில்ல. என்னய ஒரு ஊர்ல போட்டு விட்ருங்க. எந்த ஊரா இருந்தாலுஞ் சரி. செத்தா நாலு பேரு தூக்கி ஊர்க் காட்டுல வைக்கணும்."

மனுவில் இது எழுதப்படவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சந்தானம் சார் மாதிரியே.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு இரண்டு அம்பலங்களும், அதாவது இரண்டு ஊர்த் தலைவர்களும், சேர்ந்து வந்தார்கள். ஒரே ஆட்டோவில் வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"அந்த எடத்த அளக்காதீங்க சார்" என்றார் கீழப்பட்டி அம்பலம். "அது யாருக்கும் இல்லாம இருந்தாத்தான் ரெண்டு பேத்துக்கும் நல்லது."

"அளந்து ஒரு ஊர்ல போட்டீங்கன்னா மடை அந்த ஊருக்குப் போயிரும்" என்றார் மேலப்பட்டி அம்பலம்.

"மடையில தண்ணி வந்து எத்தன வருசமாச்சுங்க?"

"தண்ணி வராட்டி என்ன சார், மடை மடைதானே?"

"சரி, வெள்ளைச்சாமிக்கு என்ன வழி?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவருக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டோம். ரெண்டு ஊரும் அரிசி குடுக்குறோம். அவரு நடுக்காரரு சார், அவர ஒரு பக்கம் சேத்தா அப்பறம் நடுவுல யாரு இருக்கா?" என்றார் மேலப்பட்டிக்காரர். கெட்டவர்கள் இல்லை, உண்மையாகவே அவர்மேல் பக்தி வைத்திருந்தார்கள். அவரையும் ஒரு எல்லைக் கல்லாக நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அளக்கும் நாளில் இரண்டு ஊரும் திரண்டு வந்து ஆளுக்கொரு ஓரத்தில் நின்றது. நடுநிலத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை. என்னோடு வரவேண்டிய செயின்மேனுக்கு அன்றைக்கென்று காய்ச்சல். சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஊர்க்காரர்களைக் கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை.

"நான் புடிக்கிறேன் சார்" என்று வெள்ளைச்சாமி வந்தார்.

மனுதாரரே சங்கிலி பிடிக்கலாமா என்று விதியைத் தேடினால் கூடாது என்றுதான் இருக்கும். ஆனால் இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ஏமாற்ற வழியில்லை. அவருக்கு ஏமாற்றவும் தெரியாது. மேற்கே சமஸ்தானத்துக் கற்களிலிருந்து கோடு பிடித்தோம். பாதிக் கற்களைக் காணோம். கிழக்கே வெள்ளைக்காரன் அம்புக்குறி வெட்டிய கற்கள் புதருக்குள் அத்தனையும் இருந்தன. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பார். தளர்ந்தால் அளவு போய்விடும் என்று ஒருமுறைதான் சொன்னேன், சாயங்காலம்வரை தளரவிடவில்லை. வேலை நேரத்தில் ஒரு மனிதர் என்னோடு இப்படிக் கூடவே நின்றது என் சர்வீஸில் அது ஒன்றுதான். இரண்டு பக்கமும் அத்தனை சனம் நின்றும் ஒரு சத்தமில்லை.

படம் போட்டு முடித்ததும் சந்தானம் சார் நேரில் பார்க்க வந்தார். சர்வீஸில் அவருக்கு அது கடைசி வருடம். "வேலில போன ஓணான மடியில விட்டுக்கிட்டியேய்யா" என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்தவர், எல்லை வந்ததும் வாயை மூடிக்கொண்டார். குடையை ஊன்றிக்கொண்டு அந்த நிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார். புதைமேடுகள் அருகே கொஞ்ச நேரம் நின்றார். அம்பலங்கள் பேசினார்கள், வானத்தைப் பார்த்தார். வெள்ளைச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பஸ் நிறுத்தத்தில் சந்தானம் சார் சொன்னார்: "எல்லைக்கு அகலம் கெடையாதுய்யா. அது கோடு. கோட்டுக்குள்ள ஒரு மனுசன் குடியிருக்கான்னா அளந்தவன்ல எவனோ தப்பு பண்ணிருக்கான்."

"எங்கிட்டுப் போடுறது சார்? பாதி பாதியாப் பிரிச்சா வீட்டுக்கு நடுவுல கோடு போகும்."

பஸ் வருவது தெரிந்த பிறகு கேட்டார்: "விழுந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"கிழக்க சார்."

"அப்ப கெழக்க போடு."

கோப்பில் காரணம் வேறு எழுதினார். கிழக்குக் கற்கள் முழுமையாகக் கிடைத்தன, மேற்குக் கற்களில் பாதி கிடைக்கவில்லை, ஆகையால் என்று. அதிலும் பொய் கிடையாது. ஆனால் அவர் முடிவு செய்தது வாசலைப் பார்த்துத்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் இப்போது இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

கீழப்பட்டி கணக்கில் வெள்ளைச்சாமிக்குப் பட்டா ஆனது. புறம்போக்காகவே இருக்கட்டும் என்று மடையைத் தனியாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன், சண்டை வரவில்லை. வீடும் வந்தது. தளம் போட்ட அன்றைக்கு எனக்குப் போன் செய்தார். என் நம்பரை எப்படியோ வாங்கியிருந்தார். "சார், நான் இப்ப கீழப்பட்டிக்காரன்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

ஆனால் பட்டாவை அரசாங்கம் கொடுக்கலாம், ஊரை அரசாங்கம் கொடுக்க முடியாது என்பது அடுத்தடுத்த போன்களில் தெரிய வந்தது. "சும்மாதான் கூப்புட்டேன் சார்" என்று தொடங்குவார். கல்யாண வீட்டுக்குப் போனேன், எழுந்து நின்று கும்பிட்டார்கள், பந்தியில் உட்காரப் போனபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்பார். கோவில் கூட்டத்துக்குப் போனேன், நடுவில் நாற்காலி போட்டார்கள், பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பார். "விடுங்க, நாளாக ஆகச் சரியாயிரும்" என்பேன். "ஆமா சார்" என்பார். இருவருக்குமே நம்பிக்கை இருக்காது. நான் ரிட்டயர் ஆன பிறகும், என் மனைவி போன பிறகும் அந்தப் போன் நிற்கவில்லை. சில வாரங்களில் என் போன் ஒலிப்பதே அவர் ஒருவருக்காகத்தான். "சாப்டீங்களா சார்?" என்று அவர் கேட்பார். "சாப்பிட்டேன், நீங்க?" என்று நான் கேட்பேன். அதற்குமேல் பேச ஒன்றுமிருக்காது, வைக்கவும் மனம் வராது.

போன ஆவணியில் ஒரு காலையில் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது கீழப்பட்டி அம்பலம்.

"நடுக்காரரு தவறிட்டாரு சார். அவரு போன்ல ஒங்க நம்பர் ஒண்ணுதான் இருந்துச்சு. அதான் சொல்லிருவோமுன்னு."

பஸ் பிடித்துப் போனேன். ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை. புது வீட்டு வாசலில் பாடை கட்டித் தயாராக இருந்தது. வெள்ளைச்சாமியைக் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். முகம் சங்கிலி பிடித்த நாளில் இருந்ததைப் போலவே இறுக்கமாக இருந்தது. இரண்டு ஊரும் வந்திருந்தது. மேலப்பட்டி தன் ஓரத்தில், கீழப்பட்டி தன் ஓரத்தில். ஆனால் இந்த முறை சத்தம் இருந்தது.

"பட்டா எங்க ஊர்ல இருக்கு. எங்க ஆளு. எங்க காட்டுலதான் வைப்போம்" என்றார் கீழப்பட்டி அம்பலம்.

"உசுரோட இருக்கயில ஒரு நா பந்தியில ஒக்கார வச்சீங்களா? நடுவுல இருந்தவரு, நடுவுலயே அவுக அப்பாரு பக்கத்துல வைக்கணும். அதான் மரியாதை" என்றார் மேலப்பட்டி அம்பலம்.

இந்த மனிதருக்காக இரண்டு ஊர் வாய்ச்சண்டை போடுவதை அவர் ஒருமுறை கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒருவரும் பாடையைத் தொடவில்லை. கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் சொன்னார்: "ரெண்டு பேரும் பேசி ஆகப்போறதில்ல. ஒறவுமொறையில யாராச்சும் இருந்தா அவுக சொல்லட்டும், அதுப்படி செய்வோம்."

சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்தேதான் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனேன்.

"நீங்க அந்த சர்வேயரு சாருல்ல?" என்றார் மேலப்பட்டி அம்பலம்.

"ஆமாங்க."

"அவருக்கு நீங்க என்ன மொறை வேணும்?"

"பங்காளி" என்றேன்.

அது பொய் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மேலப்பட்டி அம்பலம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

"சரி. எங்கிட்டு எடுக்கணும், சொல்லுங்க."

"ஊர்க் காட்டுக்கு. நாலு பேரு தூக்கி."

மேலப்பட்டி அம்பலம் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, தன் ஓரத்தை விட்டு இறங்கி நடந்து வந்து, பாடையின் முன்கம்பைப் பிடித்தார். கீழப்பட்டி அம்பலம் மற்ற முன்கம்புக்கு வந்தார். பின்னால் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு ஊர் ஆட்களும் வந்தார்கள். தூக்கித் தோளில் வைத்த பிறகும் யாரும் அடி எடுத்து வைக்கவில்லை. எதற்காக நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

"கொள்ளிச் சட்டிய எடுத்துக்கிட்டு நீங்க முன்னால போங்க" என்றார் மேலப்பட்டி அம்பலம். "பங்காளி போனாத்தானே நாங்க வர முடியும்?"